புற்றுநோயாளியின் வெள்ளணுக்களில் மிர்-155 கூடியிருந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்காக, சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய நிலையில் உள்ள வாய்ப்புற்றுநோயாளிகளின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் சில மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவைப் பார்த்து வருகிறேன். இதுவரை பார்த்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் மிர்-155 ஆரோக்கியமானவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. ரியல்டைம் பிசிஆரில் ஏறத்தாழ இரண்டு சுற்றுகள் முன்னதாகவே அது தென்படுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிக்கும். கணக்குப்படி பார்த்தால் சுமார் நான்கு மடங்கு.

என் குழப்பம் இதன் பொருளைப் பற்றியது. ஒரு பக்கம், மிர்-155 புற்றை வளர்க்கும் மைக்ரோ ஆர்என்ஏ என்று ஏராளமான கட்டுரைகள் சொல்கின்றன. இன்னொரு பக்கம், புற்றுச் செல்லைக் கொல்லும் டி செல்கள் தம் வேலையைச் செய்வதற்கு இதே மிர்-155 இன்றியமையாதது என்று எலிகளில் நிறுவியிருக்கிறார்கள். அப்படியானால் என் நோயாளிகளிடம் நான் காண்பது நோய் முற்றுவதன் அறிகுறியா, உடல் எதிர்த்து நிற்பதன் அறிகுறியா? என் நெறியாளர் இதை நோயறி குறியீடாக எழுதிவிடலாம் என்கிறார். எனக்குத் துணிவு வரவில்லை.

பதில் 1: டி செல் வாசகர்

உங்கள் தயக்கம் சரியானதே. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கூற்றுகளும் உண்மை. அவை வெவ்வேறு செல்களைப் பற்றியவை என்பதால் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள சிறு துண்டு என்பதும், அது புரதம் எதையும் உருவாக்காமல், ஆர்கோனாட் என்னும் புரதத்தில் அமர்ந்துகொண்டு, தன் முனையிலுள்ள ஏழெட்டு எழுத்துகளுக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏக்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. ஆனால் இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு மைக்ரோ ஆர்என்ஏக்குச் சொந்தக் குணம் என்று ஒன்றுமில்லை. அது இருக்கும் செல்லில் எந்தெந்தத் தூது ஆர்என்ஏக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ அவற்றைப் பொறுத்தே அதன் விளைவு அமையும். ‘மிர்-155 நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கு விடையே கிடையாது. ‘எந்தச் செல்லில்’ என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு.

இதன் வரலாறே இதைக் காட்டும். மனிதரில் 21ஆம் குரோமோசோமில் உள்ள பிஐசி என்ற மரபணுவிலிருந்துதான் மிர்-155 வருகிறது. அந்த மரபணு முதலில் அகப்பட்டது கோழிகளில்: ஒரு பறவை வைரஸ் வந்து செருகிக்கொண்டு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றை உண்டாக்கும் இடமாக அது அடையாளம் காணப்பட்டது. பிறகு 2005இல், எதிர்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்களில் தோன்றும் மனிதரின் சில லிம்போமாக்களில் மிர்-155 மிகுந்திருப்பது தெரியவந்தது. 2006இல் எலியின் பி செல்களில் அதை மிகையாக உற்பத்தி செய்யவைத்தபோது அந்த எலிகளுக்கு பி செல் புற்று உருவானது. ஆகவே பி செல்லில் அது அளவு மீறினால் கேடு என்பதில் ஐயமில்லை.

அடுத்த ஆண்டே, 2007இல், மிர்-155 முற்றாக நீக்கப்பட்ட எலிகளைப் பற்றி இரண்டு குழுக்கள் அறிவித்தன. அவற்றின் நோயெதிர்ப்பே நொண்டியது, தடுப்பூசி போட்டும் பாதுகாப்பு கிட்டவில்லை. தொடர்ந்து 2013 வாக்கில் வந்த ஆய்வுகள், கொல்லும் வகையான சிடி8 டி செல்களில் மிர்-155 இல்லையென்றால் அவை வைரஸையும் கட்டியையும் எதிர்த்துப் பெருக முடியாமல் தளர்ந்துபோகின்றன என்றும், அதை வேண்டுமென்றே கூட்டிக் கொடுத்தால் கட்டியைக் கட்டுப்படுத்தும் திறன் ஏறுகிறது என்றும் காட்டின. காரணமும் ஓரளவு தெளிவு. செல்களுக்கிடையே செய்தி சுமக்கும் சைட்டோகைன்களின் சமிக்ஞையை அடக்கிவைக்கும் எஸ்ஓசிஎஸ்1 என்னும் புரதத்தை மிர்-155 குறைக்கிறது. அடக்குவோர் குறைந்ததும், அதே அளவு சைட்டோகைனுக்கு டி செல் கூடுதலாகச் செவிசாய்க்கிறது.

இன்னொன்று: ஓய்விலிருக்கும் டி செல்லில் மிர்-155 மிகக் குறைவு, தூண்டப்பட்டுப் போரிடும் டி செல்லில் மிக அதிகம், நினைவுச் செல்லில் இடைப்பட்ட அளவு. எனவே உங்கள் நான்கு மடங்கு உயர்வுக்கு மிக எளிய விளக்கம், அந்த நோயாளிகளின் இரத்தத்தில் தூண்டப்பட்ட செல்கள் கூடுதலாக உள்ளன என்பதாகவே இருக்கலாம். எது தூண்டியது என்பது தனிக் கேள்வி.

பதில் 2: இரத்தவியல் மேசை

எது தூண்டியது என்பதற்கு முன்னால், எதை அளந்தீர்கள் என்று கேட்கிறேன். நான் பல ஆண்டுகளாக மாதிரிகளைக் கையாளும் வேலையில் இருப்பவன். கருத்துப் பிழைகளைவிடக் குழாய்ப் பிழைகளையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஃபைக்கால் என்னும் அடர்திரவத்தில்தான் பிரித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீர்த்த இரத்தத்தை மெதுவாக ஃபைக்காலின் மேல் படரவிட்டு, பிரேக் போடாமல் அரைமணி நேரம் சுழற்றினால், சிவப்பணுக்களும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களும் அடியில் இறங்கி, நடுவில் மோர் ஆடைபோல ஒரு வெண்படலம் நிற்கும். அந்தப் படலத்தை உறிஞ்சும்போது பிபெட்டின் முனை அரை மில்லிமீட்டர் கீழே போனாலும் வேறு செல்கள் ஏறிவிடும். இது எல்லோருக்கும் உள்ள தொல்லை. புற்றுநோயாளிகளிடம் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: அவர்களிடம் அடர்த்தி குறைந்த நியூட்ரோபில் வகை ஒன்று பெருகுவதால், நீங்கள் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அவை வெண்படலத்திலேயே தங்கிவிடும். டி செல், பி செல் உள்ளிட்ட லிம்போசைட்டுகள் குறைந்து, மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கூடுவதும் இந்நோயாளிகளிடம் அடிக்கடி காணும் மாற்றமே. அப்படியானால் ஒரு செல்லிலும் மிர்-155 மாறாமலே, செல்களின் விகிதம் மாறியதால் மட்டுமே உங்கள் மொத்த அளவு மாறியிருக்கலாம். ஊரில் சராசரி வயது கூடிவிட்டது என்றால் எல்லோரும் கிழவராகிவிட்டார்கள் என்று பொருளல்லவே. இளைஞர்கள் வேலைதேடிப் புறப்பட்டுப் போயிருக்கலாம்.

இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. மிர்-223 பெரும்பாலும் நியூட்ரோபில், மோனோசைட் வகைச் செல்களுக்குரியது. மிர்-150 முதிர்ந்த லிம்போசைட்டுகளில் மிகுந்திருப்பது. மிர்-451 சிவப்பணுக்களின் முத்திரை. கையிலுள்ள அதே ஆர்என்ஏவில் இந்த மூன்றையும் அளந்து பாருங்கள். 223 ஏறி 150 இறங்கியிருந்தால் செல் கலவை மாறியிருக்கிறது என்று பொருள். 451 ஏறியிருந்தால் அந்த மாதிரியில் சிவப்பணுக்கள் கலந்துவிட்டன.

இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் அளப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2008இல் இரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. 2012இல் ஒரு குழு அமர்ந்து கணக்கெடுத்தபோது, கட்டியின் குறியீடு என்று அறிவிக்கப்பட்டிருந்தவற்றில் பாதிக்கும் மேலானவை சாதாரண இரத்தச் செல்களிலேயே மிகுதியாக உள்ளவை என்று தெரிந்தது. கட்டியிலிருந்து வந்ததாக நினைத்தது, குழாயில் உடைந்த செல்லிலிருந்து வந்திருக்கலாம். பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுவதே மேல். கண்ணுக்குத் தெரியாத சிதைவைக்கூட 414 நானோமீட்டர் ஒளியில் உறிஞ்சலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

மேலும் இரண்டு கேள்விகள். எதை ஒப்பீட்டு அளவுகோலாக வைத்தீர்கள்? மிர்-16 என்றால், அது சிவப்பணுக்களில் நிறைந்தது. இரண்டாவது, ஒப்பீட்டுக் குழுவில் யார் இருக்கிறார்கள்? ஆய்வகத்து இளைஞர்களிடமே ஊசி குத்தி எடுத்திருந்தால், அறுபது வயது நோயாளியோடு இருபத்தைந்து வயது மாணவரை ஒப்பிடுகிறீர்கள்.

ஆய்வு மாணவி

விரிவான பதில்களுக்கு நன்றி. ஒப்பீட்டு அளவுகோல் யு6 என்ற சிறு ஆர்என்ஏ. ஒப்பீட்டுக் குழுவைப் பற்றி நீங்கள் ஊகித்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், பெரும்பாலும் உண்மை. எங்கள் துறை மாணவர்களும் சில ஊழியர்களும்தான். நோயாளிகளில் பலர் நெடுங்காலம் வெற்றிலையோடு புகையிலை போட்டவர்கள். எங்கள் துறையில் அப்படி யாரும் இல்லை.

பதில் 3: மேக்ரோபேஜ் பக்கம்

அந்தக் கடைசி வரி முக்கியமானது. வாய்ப்புற்று ஆறாத புண்ணாக, நுண்ணுயிர்கள் மொய்க்கும் இடத்தில் அமர்ந்திருக்கும் நோய். மிர்-155ஐ ஏற்றிவிடப் புற்று தேவையே இல்லை. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு ஒன்று, கிருமிகளை விழுங்கும் செல்லான மேக்ரோபேஜின் டோல் வகை ஏற்பியைத் தொட்டாலே போதும், சில மணி நேரத்தில் ஏறிவிடும். எனவே உங்களுக்குத் தேவையான ஒப்பீட்டுக் குழு, புகையிலை போடும் பழக்கமும் ஈறு நோயும் உள்ள, ஆனால் புற்று இல்லாத, அதே வயதினர். பல் மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் காத்திருப்போரில் இவர்களைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

மிர்-155ஐத் தனியாக அளக்காமல் மிர்-146ஏயையும் கூடவே அளக்கும்படி பரிந்துரைப்பேன். இரண்டையும் ஏற்றிவிடுவது என்எஃப்-கப்பா-பி என்ற அதே அழற்சிச் சமிக்ஞைப் பாதைதான். ஆனால் 155 அழற்சியை முடுக்கும், 146ஏ அந்தப் பாதையின் தொடக்கத்திலுள்ள டிராஃப்6, ஐராக்1 ஆகிய புரதங்களைக் குறைத்து அதை அணைக்கும். 146ஏ இல்லாத எலிகளில் அழற்சி அணையாமல் தொடர்ந்து, வயதாகும்போது இரத்தச் செல்களிலும் நிணநீர் உறுப்புகளிலும் கட்டிகள் தோன்றின. ஒன்று மட்டும் ஏறியிருக்கிறதா, இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கின்றனவா என்பது உங்கள் தரவுக்கு ஓர் அர்த்தத்தைக் கொடுக்கும்.

முதல் பதிலில் ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். டி செல்லில் மிர்-155 கூடினால் நல்லது என்ற அளவில் நின்றுவிட்டால் படம் முழுமையாகாது. ஒழுங்குபடுத்தும் டி செல்களும் டி செல்களே. எதிர்ப்பை அடக்கும் அந்தச் செல்கள் போதிய எண்ணிக்கையில் நிலைப்பதற்கும் மிர்-155 வேண்டும். கட்டியின் தூண்டுதலால் எலும்பு மச்சையிலிருந்து அரைகுறையாக முதிர்ந்து வெளிவந்து டி செல்களை முடக்கும் மைலாய்டு வகை அடக்கி செல்கள் பெருகுவதிலும் மிர்-155க்கும் மிர்-21க்கும் பங்குண்டு என்று காட்டியிருக்கிறார்கள். வாளைப் போர்வீரனும் ஏந்துகிறான், எதிரிக்கு விலைபோன காவலனும் ஏந்துகிறான். வாள்களை எண்ணிக் கொடுத்தால் போர் யார் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியாது.

கட்டிக்குள் உள்ள மேக்ரோபேஜ்களில் இன்னும் வியப்பான ஒன்று 2016இல் வெளியானது. மைக்ரோ ஆர்என்ஏக்களை வெட்டிச் சீராக்கும் டைசர் நொதியை எலியின் மேக்ரோபேஜ்களில் மட்டும் நீக்கினார்கள். கட்டிக்கு உதவிக்கொண்டிருந்த மேக்ரோபேஜ்கள் கட்சி மாறி, கொல்லும் டி செல்களை உள்ளே அழைத்தன. டி செல்லின் கடிவாளமான பிடி-1ஐத் தடுக்கும் மருந்துக்கும் அந்தக் கட்டிகள் நன்றாக இணங்கின. அங்கே முக்கியப் பொறுப்பு லெட்-7 என்னும் மைக்ரோ ஆர்என்ஏ குடும்பத்துடையதாக இருந்தது. புற்றுச் செல்லுக்குள் இருக்கும்போது பெருக்கத்தை அடக்கும் நல்லவர் என்று நாம் பாடம் படித்த அதே லெட்-7!

கட்டியிலிருந்து வெளியேறும் எக்ஸோசோம் குமிழிகள் மூலமாகவும் கணக்கு குழம்பும். நுரையீரல் புற்றுச் செல்கள் அனுப்பும் குமிழிகளிலுள்ள மிர்-21, மிர்-29ஏ இரண்டும் மேக்ரோபேஜுக்குள் போய், வழக்கமான முறையில் தூது ஆர்என்ஏவைப் பிடிக்காமல், வைரஸ் ஆர்என்ஏவை உணரும் டிஎல்ஆர்8 ஏற்பியிலேயே ஒட்டி, கட்டிக்குச் சாதகமான அழற்சியைக் கிளப்புகின்றன என்று 2012இல் காட்டப்பட்டது. ஆக, வெள்ளணுவில் அளக்கும் மைக்ரோ ஆர்என்ஏ அந்த வெள்ளணு தானே உருவாக்கியதுதானா என்ற ஐயத்துக்கும் இடமிருக்கிறது.

பதில் 4: டி செல் வாசகர்

திருத்தத்தை ஏற்கிறேன், ஒழுங்குபடுத்தும் டி செல்களை நான் விட்டிருக்கக் கூடாது. நோயாளிகளிடமே பார்த்த ஒரு சான்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இதுவரை நாம் பேசியது பெரும்பாலும் எலிகள். மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் டி செல்களில் மிர்-17-92 தொகுதியைச் சேர்ந்த மிர்-17-5பி குறைந்திருப்பது 2010இல் பதிவானது. இந்தத் தொகுதியும் லிம்போமாவை வளர்ப்பதாகப் பெயரெடுத்ததே. ஆனால் டி செல்லில் அது, கட்டியைத் தாக்கும் செல்களுக்குத் துணைநிற்கும் டிஎச்1 வகை எதிர்ப்புக்கு உதவுகிறது, செல் எளிதில் சாகாமல் காக்கிறது. புற்றுச் செல்லில் மிகுதி, டி செல்லில் பற்றாக்குறை. இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு. மொத்த வெள்ளணுவில் அளந்திருந்தால் இந்தக் குறைவு கலவைக்குள் மறைந்துபோயிருக்கக்கூடும்.

கேள்வி: ஒரு நோயாளியின் மகன்

ஆய்வாளர்கள் நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தந்தைக்கு நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்ற இரத்தப்புற்று. 13ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லை என்று அறிக்கையில் உள்ளது. அங்கே மைக்ரோ ஆர்என்ஏ இருந்தது என்று படித்தேன். ஒரு தனியார் ஆய்வகத்தின் துண்டறிக்கையில் மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை என்று பெரும் தொகை போட்டிருக்கிறது. அதைச் செய்துகொள்ள வேண்டுமா?

பதில் 5: இரத்தவியல் மேசை

நீங்கள் படித்தது சரிதான், ஐயா. மைக்ரோ ஆர்என்ஏக்கும் புற்றுக்கும் உள்ள உறவு முதன்முதலில் தெரியவந்ததே உங்கள் தந்தையின் நோயில்தான். 13ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதி பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அழிந்திருந்தும், அங்கே இருந்த புற்றைத் தடுக்கும் மரபணு எது என்று பல ஆண்டுகளாகத் தேடியும் அகப்படவில்லை. புரதத்தை உருவாக்கும் மரபணுவையே எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். 2002இல்தான் அங்கே மிர்-15ஏ, மிர்-16-1 என்ற இரண்டு சிறு ஆர்என்ஏக்கள் இருப்பது தெரிந்தது. பிசிஎல்2 என்னும் புரதம் செல்லைச் சாகவிடாமல் பிடித்துவைப்பது. இந்த இரண்டும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவை. இவை போனதும் பிசிஎல்2 மிகுந்து, சாக வேண்டிய பி செல்கள் சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வெனிடோகிளாக்ஸ் மாத்திரை அடைப்பது அதே பிசிஎல்2வைத்தான்.

பரிசோதனையைப் பொறுத்தவரை, மருத்துவருக்குத் தேவையான செய்தி உங்களிடம் ஏற்கெனவே உள்ள அறிக்கையிலேயே இருக்கிறது. 13ஆம் குரோமோசோம் இழப்பு தனியாக மட்டும் இருந்தால் இந்நோயில் அது சாதகமான வகைகளில் ஒன்றாகவே கருதப்படுகிறது. 17ஆம் குரோமோசோமிலும் இழப்பு உண்டா, புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணு பழுதா என்பவைதான் சிகிச்சையை மாற்றுபவை. அவற்றைப் பார்த்தாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மைக்ரோ ஆர்என்ஏ அளவைக் கொண்டு இந்நோயில் மருந்து தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி

மருந்தாக இவற்றைப் பயன்படுத்தும் முயற்சிகள் எந்த அளவில் நிற்கின்றன? ஆய்வேட்டின் முன்னுரையில் ‘விரைவில் சிகிச்சைக்கு வரும்’ என்று எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியை அழித்துவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில் 6: மேக்ரோபேஜ் பக்கம்

‘விரைவில்’ என்பதை அழித்துவிடுங்கள். புற்று சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்ற மைக்ரோ ஆர்என்ஏ மருந்து ஒன்றுகூட இல்லை.

எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தின் கதை உங்கள் தலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. புற்றை அடக்கும் மிர்-34ஏயின் நகலைக் கொழுப்புக் குமிழியில் வைத்து இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தார்கள். பிடி-1ஐத் தொட்டு டி செல்லை அடக்கும் பிடி-எல்1 புரதத்தையும் மிர்-34 குறைக்கக்கூடியது என்பதால், கட்டி அணிந்துள்ள முகமூடியை அது கழற்றும் என்ற நம்பிக்கையும் இருந்தது. 2013இல் தொடங்கிய முதல் கட்டச் சோதனையில் சிலருக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. ஆனால் நோயெதிர்ப்பு சார்ந்த கடும் பக்கவிளைவுகள் தோன்றியதால் 2016 செப்டம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தும் அவற்றைத் தவிர்க்க முடியவில்லை. கல்லீரல் கட்டியைக் குறிவைத்து அனுப்பிய பொருள் வெள்ளணுக்களையும் போய்ச் சேர்கிறது; அங்கே என்ன செய்யும் என்பதை யாரும் முன்கூட்டிக் கணக்கிட்டிருக்கவில்லை என்பது என் கருத்து.

எதிர்த்திசையில், மிர்-155ஐ அடைக்கும் கோபோமார்சென் தோலில் தோன்றும் டி செல் லிம்போமாவில் சோதிக்கப்பட்டது. அதன் இரண்டாம் கட்டம் 2020இல் வணிகக் காரணங்களால் இடையில் முடிக்கப்பட்டது. அங்கே டி செல்லே புற்றுச் செல் என்பதால் அதில் மிர்-155ஐ அடைப்பது பொருத்தமே. அதே மருந்தை வாய்ப்புற்றுநோயாளிக்குக் கொடுத்தால் கட்டியைக் கொல்ல வரும் நல்ல டி செல்லையும் சேர்த்து முடக்கும் அபாயம் உண்டு. உங்கள் முன்னுரைக்கு இந்த இரண்டு மருந்துகளுமே போதும்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறு வழி. டி செல்களை உடலுக்கு வெளியே எடுத்து, மிர்-155ஐ அவற்றில் மட்டும் கூட்டி, திரும்பச் செலுத்துவது. எலிகளில் 2015இல் இது பலன் தந்தது. எந்தச் செல்லுக்குப் போகும் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

பதில் 7: இரத்தவியல் மேசை

மாணவிக்குச் செலவு குறைந்த யோசனை ஒன்று. எல்லா மாதிரிகளையும் செல்வகை வாரியாக ஓட்டச் சைட்டோமெட்ரிக் கருவியில் பிரிக்கப் பணம் போதாது. வேண்டிய செல்லில் காந்தமணியை ஒட்டி இழுத்தெடுக்கும் முறையில் சிடி8 செல்களையும் சிடி14 மோனோசைட்டுகளையும் மட்டும் பிரித்து, மீதியை ஒரு குழாயில் வையுங்கள். ஒரு நோயாளிக்கு மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் 155, 146ஏ, 150, 223, 451 ஆகிய ஐந்து. சிடி8இல் 155 ஏறியிருந்தால் ஒரு கதை, சிடி14இல் மட்டும் ஏறியிருந்தால் வேறு கதை. இரத்தம் எடுத்த நேரம், எடுத்ததற்கும் சுழற்றியதற்கும் இடைப்பட்ட நேரம், அன்று ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா, வாயில் சீழ் இருந்ததா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஆய்வு மாணவி

உறைபெட்டியில் மீதமிருந்த ஆர்என்ஏவில் இன்று 451ஐயும் 223ஐயும் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். நோயாளிகளின் மாதிரிகளில் மூன்றில் 451 மிக உயர்வு; குறிப்பேட்டைப் புரட்டினால் அந்த மூன்றும் புறநகர் மருத்துவமனையிலிருந்து மாலையில் ஆட்டோவில் வந்து, மறுநாள் காலையில் சுழற்றப்பட்டவை. அவற்றை நீக்கிவிட்டேன். மீதியில் 155 இன்னும் உயர்வாகத்தான் இருக்கிறது, ஆனால் பல மாதிரிகளில் 223உம் கூடவே ஏறியிருக்கிறது. காந்தமணிப் பெட்டிக்கான கோரிக்கைக் கடிதத்தை நெறியாளரின் மேசையில் வைத்திருக்கிறேன்; பல் மருத்துவப் பிரிவில் ஒப்பீட்டுக் குழு சேர்ப்பதற்கான நெறிமுறைக் குழு விண்ணப்பமும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.